ஆல்வின் சார் வைத்த மீன் குழம்பு

ஆனந்தியின் வயிற்றெரிச்சல் லேசுப்பட்டதல்ல. கட்டின புருஷன் சமைத்ததை ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டது. அவள் ஒருத்திதான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்?

ஆல்வின் மாலத்தீவில் கணக்கு வாத்தியார். தொண்ணூற்று நான்கில் போனவர். பிள்ளைகளின் படிப்புக்காக ஆனந்தி திண்டுக்கல் மேட்டுப்பட்டியிலேயே இருந்துவிட்டாள். அவருக்குத் தலைநகர் மாலேயிலேயே பள்ளிக்கூடம், பக்கத்திலேயே வீடு. இந்தப் பக்கமிருந்து போகிற மற்ற வாத்தியார்களுக்கெல்லாம் எங்கோ கிடக்கிற தீவுகளில் வேலை. தோணி கிடைக்கும்வரை மாலேயில் எங்காவது தங்கியாக வேண்டும். வேறெங்கே, ஆல்வின் சார் வீடுதான். அவர் பள்ளிக்கூடம் விட்டு, டியூஷன் முடித்து, துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போடுவார்.

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அவர் கொடுத்துவிட்ட சாக்லேட்டையும் சோப்பையும் கொடுக்க மேட்டுப்பட்டிக்கு வருவார்கள். கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? மாட்டார்கள். ஒட்டன்சத்திரத்து நாச்சிமுத்து சார் அப்படித்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, சார் வெக்கிற மீன் கொழம்பு மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்லீங்க. நீங்க குடுத்து வச்சவங்க."

"அப்படிங்களா" என்று ஆனந்தி சிரித்தாள். உள்ளே போய்ச் செம்பை நங்கென்று வைத்தாள். குடுத்து வச்சவளாம். இந்த மனுஷன் ஊருக்கு வந்தால், "ஆனந்தி, செத்த நேரம் படுக்குறேன், சோறு ஆனதும் எழுப்பு" என்பதோடு சரி. தண்ணீரைக்கூட மோந்து குடித்ததில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் குழம்புக்குப் பொடி இவள் கைப்பொடி. மல்லியும் மிளகாயும் வறுத்து, மில்லில் நின்று திரித்து, புதிதாகப் போகிற வாத்தியார் பெட்டியில் கொடுத்தனுப்புவாள். ஒரு தடவை ஆத்திரத்தில் மிளகாயை இரண்டு மடங்கு போட்டாள். தின்கிறவன் வாய் வெந்து போகட்டும் என்றுதான். அடுத்த லீவில் நாச்சிமுத்து சார் வந்து, "இந்தத் தடவை சும்மா சுள்ளுன்னு இருந்துச்சுங்க, ரெண்டு தட்டு சோறு கூடப் போச்சுங்க" என்றார். போயும் போயும் அதற்குமா பாராட்டு?

இரண்டாயிரத்து ஒன்றில் ஆல்வின் லீவில் வந்திருந்தபோது, கமர்ஜஹான் டீச்சர் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினாள். பேகம்பூர்க்காரி, தோணிக்குக் காத்திருந்து மாலே வீட்டில் பல தடவை சாப்பிட்டவள். ஆல்வின் விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடினார். கட்லா மீனோடு வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"இன்னைக்கு நான் சமைக்கிறேன். டீச்சருக்கு என் கொழம்புன்னா உசுரு."

உசுராம். ஆனந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுப்படியை விட்டுக்கொடுத்தாள். யார் சாக்கிலாவது இன்றைக்கு அவர் கையால் அவளுக்கு ஒரு வாய் கிடைக்கும். கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, கமர்ஜஹானுக்குப் பக்கத்தில் தானும் ஒரு விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டாள்.

ஆல்வின் பரிமாறினார். "டீச்சருக்கு முள்ளு எடுக்க வராது" என்று நல்ல நடுத்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். பிறகு சட்டிக்குள் தேடி, உடையாமல் மீன் தலையை எடுத்து ஆனந்தியின் தட்டில் வைத்தார்.

"ஒனக்குன்னே எடுத்து வச்சேன்."

"பாருங்கக்கா, உங்களுக்குப் பிடிச்சத அண்ணன் மறக்கவேயில்ல" என்றாள் கமர்ஜஹான்.

"எனக்குத் தலை பிடிக்காது" என்றாள் ஆனந்தி.

ஆல்வின் சிரித்தார். "என்ன சொல்ற? கல்யாணம் ஆனதுலருந்து நீ தலைதானே திங்கிற?"

"நடுத்துண்ட உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வச்சுப்புட்டா, சட்டியில வேற என்ன கிடக்கும்?"

ஆனந்தி சட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு நடுத்துண்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.