கராஜ் இருந்த இடத்தில் வந்த வீடுகள்

வெங்காயம் வதங்கும் மணமும் காலை வெயிலும் ஒன்றாகக் கலந்திருக்கும் எங்கள் குசினியில்... லண்டன் ஸ்ட்ரெதமில் நகரசபை எங்களுக்கு வாடகைக்குத் தந்த கவுன்சில் பிளாட்டில் வெயில் வரும் ஒரே ஜன்னல் அங்கேதான் இருந்தது.

வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. வரிசையாகப் பழைய கராஜ்கள். துருப்பிடித்த கதவுகள், யாரோ போட்டுவிட்டுப் போன பிரிட்ஜ், தேங்கிய மழைத்தண்ணீர். கார் விடுவதற்கு யாரும் அங்கே போவதில்லை.

எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு செல்வி அன்ரியுடையது. ஒரே ஒரு பெட்ரூம், மூன்று பிள்ளைகள். மூத்தவள் அபி படிக்க இடமில்லாமல் மாடிப்படியில் இருந்து படிப்பாள். அசைவில்லாவிட்டால் படிக்கட்டு லைட் தானாக அணைந்துவிடும். கையை ஆட்டி ஆட்டி மறுபடி எரியவைப்பாள். அம்மா அவளைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் குசினி மேசையில் இருத்துவார். அன்ரி வயதானவர்களைப் பராமரிக்கும் கேர் ஹோமில் ஷிப்ட் முடிந்து வரும்வரை சின்னவர்களுக்கும் எங்கள் வீட்டில்தான் சோறு.

லண்டனில் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் என்று யாராவது இருந்தால், அது செல்வி அன்ரிதான்.

நான் அப்போதுதான் படிப்பை முடித்து ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீசில் சேர்ந்திருந்தேன். அந்த நாட்களில் கவுன்சில் ஆட்கள் வந்து, கராஜ்களை இடித்து அங்கே வீடு கட்டப்போகிறோம், இந்த பிளாட்டுகளில் நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கே முதலில் கொடுப்போம் என்றார்கள்.

அன்ரி ஓடிவந்தார். “அக்கா, அபிக்கு ஒரு அறை கிடைக்கும் போல கிடக்கு!”

“நல்லது செல்வி” என்றார் அம்மா. அன்ரி போனபிறகு அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு வெளிச்சம் சும்மா விஷயமில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தவர். வெளியே மழையா வெயிலா என்று தெரிய, படியேறி வந்து பார்க்கவேண்டுமாம்.

நான் பிளானைப் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் ஒரு கூரை எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்தது.

“கூரையை மற்றப் பக்கம் சரிச்சுக் கட்டினால் வெயில் மறையாது அம்மா. அதை மட்டும் கேப்பம். வீடே வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை.”

“நீ படிச்சனி, கதைப்பாய். கட்டி முடிஞ்சாப் பிறகு நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

கூட்டம் பக்கத்துச் சேர்ச் மண்டபத்தில் நடந்தது. அம்மா எழும்பித் தமிழில் பேசினார். நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“எங்களுக்கு இஞ்சை புது வீடு வேண்டாம். கராஜ் அப்பிடியே இருக்கட்டும். இன்னும் சனத்தைக் கொண்டுவந்து நெருக்காதேங்கோ.”

கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன்... கடைசியில், கதவடியில், வேலை உடுப்போடு செல்வி அன்ரி. கையில் சின்னவனைப் பிடித்திருந்தார். ஷிப்ட் முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருக்கிறார்.

அந்த மண்டபத்தில் அம்மாவின் தமிழை விளங்கிக்கொள்ள என் ஆங்கிலம் தேவைப்படாத ஒரே ஆள்.

வாசலில் அம்மா அவர் கையைப் பிடித்தார். “செல்வி, நான் உன்னை நினைச்சுச் சொல்லேல்லை...”

“தெரியும் அக்கா. உங்கடை குசினிக்கு வெளிச்சம் வேணும்தானே.”

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

சண்டை ஒன்றும் வரவில்லை. அம்மா கறி கொடுத்துவிட்டால் சட்டி கழுவித் திரும்பி வரும். கண்டால் அன்ரி சிரிப்பார். ஆனால் உள்ளே வந்து இருப்பதில்லை. அபி மறுபடியும் படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அம்மா கதவைத் திறந்து கூப்பிட்டால், “பரவாயில்லை அன்ரி, ஐ’ம் ஓகே” என்பாள்.

வேறு பலரும் எதிர்த்திருந்ததால் கவுன்சில் ஆட்கள் பிளானைத் திரும்ப வரையப் போய்விட்டார்கள். மாதங்கள் இழுபட்டன. கடைசியில் செல்வி அன்ரி, லண்டனுக்கு வெளியே லூட்டனில் கவுன்சில் வீட்டில் இருந்த ஒரு குடும்பத்தோடு வீட்டை மாற்றி எக்ஸ்சேஞ்ச் செய்துகொண்டார்.

சாமான் ஏற்ற வான் வந்து நின்ற நாள்... அம்மா மாடியில் நின்று, “இந்த வீடுகள் வந்தால் திரும்பி வாவன் செல்வி” என்றார்.

“அபிக்கு இந்த வருசம் சோதினை அக்கா. இனியும் காத்திருக்க ஏலாது.”

பிறகு வீடுகள் வந்தன.

அழகான வீடுகள். இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வேலை. பழைய கட்டடங்களோடு ஒட்டிப்போகும் மங்கலான செங்கல், பெரிய ஜன்னல்கள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்ன முற்றம். கூரைகள் எங்களுக்கு மற்றப் பக்கமாகச் சரிந்திருந்தன. ஒரு துளி வெயில் குறையவில்லை.

முதல் குடும்பம் சாமான் இறக்கிய அன்று அம்மா, “எத்தினை அறையாம்?” என்று கேட்டார். “மூண்டு” என்றேன். அடுப்பைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது எனக்கு வேலையே இப்படியான துண்டு நிலங்களில் வீடு வரைவதுதான். எத்தனையோ மண்டபங்களில் நின்று பேசுகிறேன். வெளிச்சம் பற்றிக் கேட்டு எழும்பும் ஒருவரையும் என்னால் குறைவாக நினைக்க முடிவதில்லை. கதவடியில் நிற்பவர்களையும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

போன மாதம் அந்தப் புது வீடுகளில் இருந்து ஒரு பெண் வந்து, பின்னால் இருக்கும் கார் பார்க்கில் வீடு கட்டப் போகிறார்களாம், எதிர்ப்புக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அம்மாவைக் கேட்டாள்.

“ஐ கம்” என்றார் அம்மா. “பட் ஐ சே யெஸ்.”

போனார். தன் ஆங்கிலத்திலேயே சொன்னார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் மாடியில் கதவு பூட்டியே இருந்ததில்லை. வீடுகள்தான் போதாமல் இருந்தன. இப்போது நல்ல வீடுகள் இருக்கின்றன... எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

செல்வி அன்ரியைக் கல்யாண வீடுகளில் காண்கிறோம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் சாப்பிடுவார்கள். போகும்போது இவர் “வீட்டை வா” என்பார், அவர் “நீங்கள் வாங்கோ அக்கா” என்பார்.

லூட்டன் தூரமில்லை. ஆனால் இன்றுவரை ஒருவரும் போகவில்லை.