மாய நினைவகம்

எங்கள் வீட்டுக் கணினியைக் கெடுத்தது நான். பழியைச் சுமந்தது என் மனைவி. எழுபத்து நான்கு வயதில் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கணினி மீண்டும் ஓடத் தொடங்கிய நாளை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

இருவருமே மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் இயற்பியல், அவள் தமிழ். திருப்பரங்குன்றத்தில் பார்வையற்ற கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு, அவள் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்துவந்தாள். காலையில் தண்ணீர் லாரி போன பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு மைக்கின் முன்னால் உட்காருவாள்.

பொங்கலுக்கு முன் ஒருநாள் கணினியின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது ‘வர்ச்சுவல் மெமரி’ என் கண்ணில் பட்டது. தற்காலிக நினைவகமான ரேம் நிரம்பும்போது வன்தட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அதையும் நினைவகம்போல் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அன்று எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த வர்ச்சுவல் ஒன்றுதான்: கண்ணாடிக்குள் தெரியும் மாயபிம்பம். திரையில் பிடிக்க முடியாதது என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இல்லாத ஒன்றுக்கு வன்தட்டில் இத்தனை இடம் எதற்கு என்று அதை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். இடம் மிச்சமானதில் அன்று முழுக்க எனக்குப் பெருமை.

அதன்பின் ஒலிப்பதிவு மென்பொருள் பாதியிலேயே மூடிக்கொள்ளத் தொடங்கியது. வாசித்த நாற்பது நிமிடமும் போய்விடும்.

“என்னங்க, மறுபடியும் மூடிக்கிச்சு.”

“அம்புட்டையும் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா அது என்ன செய்யும்?” என்பேன்.

அவள் எல்லாவற்றையும் மூடினாள். திரையில் பெரிய எழுத்தில் வைத்துப் படித்த புத்தகப் பக்கங்களைக்கூட மூடிவிட்டு, அச்சுப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தாள். அப்படியும் போனது. நான் செய்த மாற்றம்தான் காரணமோ என்ற சந்தேகம் எனக்குள் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்களின் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது, நான்கு பாடங்கள் பாக்கி. அவள் தொண்டை கட்டியிருந்தது.

கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் ஆரப்பாளையத்தில் எங்களைத் தெரிந்த ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார்.

“சார், ரேம் நாலு ஜிபிதான். அதுகூடப் பரவால்ல. வர்ச்சுவல் மெமரிய எவனோ சுத்தமா ஆஃப் பண்ணி வச்சிருக்கான். அது மூச்சு விட எடம் வேணாமா? யாரு பாத்த வேலை?”

“வீட்ல ஏதோ மாத்திட்டாங்க போல” என்றேன்.

‘வீட்ல’ என்றால் வீட்டில் என்றும் பொருள், மனைவி என்றும் பொருள். அந்த இரட்டைப் பொருளுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். கடைக்காரர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். “டீச்சரம்மா, பரீச்சைப் பேப்பர்ல கைய வைங்க, இதுல வைக்காதீங்க.”

“நாந்தான் எதையாச்சும் அமுக்கிருப்பேன் தம்பி” என்றாள் அவள். நிஜமாகவே அப்படி நம்பிவிட்டாள்.

அவர் இன்னொரு நாலு ஜிபி ரேமைச் செருகினார். இருபுறக் கொக்கிகளும் ‘டக்’கென்று விழுந்தன. வர்ச்சுவல் மெமரியைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார். திரையில் எட்டு ஜிபி என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். எதுவும் திணறவில்லை. வீட்டு மாடிப்படியில் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அவள் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் பாடம், மறுபக்கம் ஒலிப்பதிவு என்று இரண்டையும் திறந்துவைத்து ஐம்பது நிமிடம் வாசித்தாள். மூடிக்கொள்ளவில்லை. சேமிக்கச் சொன்னதும் சேமித்தது.

“என்னங்க, பறக்குது” என்று அவள் கைதட்டினாள். நானும் தட்டினேன். அந்தச் சந்தோஷத்தில்தான் என் வாய் திறந்தது.

“அத ஆஃப் பண்ணது நான். கடைல சொன்னது பொய்.”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். “எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

“அப்ப ரெண்டு மாசமா நான் தொண்டை கிழியக் கத்துனதெல்லாம்?”

அவள் ஹெட்போனை மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“மூணு பாடம் கெடக்கு. வெளிய போங்க. ஒங்க மூச்சுச் சத்தம் பதியுது.”

மூன்று நாள் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் கரகரத்த அவள் குரல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் பென்டிரைவை என் கையில் கொடுத்தாள். “லேட்டு யாராலன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க.”

விடுதிக் காப்பாளர் அம்மா கேட்கத்தான் செய்தார். “தனக்குக் கம்ப்யூட்டர் சரியா வரலைன்னு டீச்சர் வருத்தப்பட்டாங்களே சார். இப்பப் பழகிட்டாங்களா?”

“அவங்களுக்கு நல்லா வரும்மா. கெடுத்தது நான்.”

அவர் பென்டிரைவை வாங்கிக் கணினியில் செருகினார். பக்கத்தில் நின்ற விடுதிப் பெண் ஒருத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மாடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: “ஏய், நாலு பாடமும் வந்துருச்சு. எறங்கி வாங்கடி.”