கபரகொய்யாவுக்கு அடித்த மணி

விடுதி வரவேற்பு மேசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: விருந்தினரின் கோபத்தைச் சமாளிக்க நமக்குப் பயிற்சி தருவார்கள், மிருகங்களைச் சமாளிக்கத் தரமாட்டார்கள். மதுரையிலிருந்து இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு, மகாவலி ஆற்றோரத்தில் எட்டு அறைகள் கொண்ட விடுதியின் நிர்வாகியாக வந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி ஹாஜியார் சொல்லியிருந்தார்.

உண்டிவில்

அழகர்கோயில் குரங்குகளைப் பார்த்து வளர்ந்தவன் என்ற தைரியத்தில், முதல் வாரம் பழத்தட்டை மூடாமல் முற்றம் வழியே கொண்டுபோனேன். பப்பாளி போனது, வாழைப்பழம் போனது, கடைசியில் தட்டும் கூரைமேல் போனது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சமையல்காரி செல்வராணி, வெறும் உண்டிவில்லுடன் வெளியே வந்து ரப்பரை ஒருமுறை இழுத்துக் காட்டினார். கல்லே இல்லை. கூரை காலியானது.

மறுநாள் நானும் அதே மாதிரி இழுத்தேன். பெரிய ஆண் குரங்கு ஒன்று இரண்டடி கிட்ட வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. செல்வராணி உண்டிவில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அதுங்களுக்கு ஒங்கள இன்னும் தெரியாது சார். ஒரு மாசம் போகட்டும்."

மணி

இரண்டாம் மாதம், ஒரு பகல் பதினொரு மணி. ஆற்றிலிருந்து அது புல்வெளிக்கு ஏறியது. என்னைவிட நீளம். நாக்கைக் கவனிக்கவில்லை, வாலை மட்டும் பார்த்தேன். முதலை! பயமா சந்தோஷமா என்று தெரியாமல் ஓடிப்போய்த் தீ மணியை அடித்தேன்.

மணி அடித்தால் எல்லோரும் புல்வெளியில் கூட வேண்டும் என்று எழுதி அறைக் கதவுகளில் ஒட்டிவைத்தவனே நான்தான். ஒழுங்காக வந்து கூடினார்கள். அது கபரகொய்யா, நீர் உடும்பு. செல்வராணி மீன் கழுவும் நேரத்தில் குடலுக்காகத் தினமும் வருவது. அறைகளைக் காலிசெய்யும் நேரம் என்பதால் மேசையைவிட்டு நகராத நான் மட்டும் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரத்தலையில் துண்டுடன், அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, முதலை எண்டு நினைச்சீர் எண்டால், பிறகேன் எங்களை அதுக்குக் கிட்டக் கூப்பிட்டனீர்?"

கதிரை

திகனயில் கடை வைத்திருக்கும் ஹாஜியாருக்கு அன்றே செய்தி போய்விட்டது. மறுநாள் வருவதாகச் சொன்னார். நான் பெட்டியைப் பாதி அடுக்கினேன். வந்தவர் மணியைப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்ததை வாசித்தார், புல்வெளிக்கு நடந்தார். அங்கே ஆசிரியை கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஊருக்குப் புறப்பட வேண்டியவர், இன்னும் இரண்டு நாள் அறை வேண்டும் என்று காலையிலேயே கேட்டிருந்தார். பக்கத்தில் இன்னும் நான்கு கதிரைகள், நான்கிலும் ஆட்கள்.

பதினொரு மணிக்கு ஆற்றோரப் புல் அசைந்தது. பெட்டியை மறந்து நான் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். அது குடலை விழுங்கி, தலையைத் தூக்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கியது. ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடிதாசிய மாத்துங்க மகன். மணியடிச்சா ரோட்டுப் பக்கம் போகணும்னு போடுங்க. கதிரைய எடுக்க வேணாம்."

மூன்று மாத முடிவில் ஹாஜியார் என்னை நிரந்தரமாக்கினார்; குரங்குகள் மட்டும் இன்னும் யோசிக்கின்றன.