மூன்று விரல் அளவு

எண்பதுகளின் தொடக்கத்தில், பல் டாக்டருக்குப் படித்து முடித்த கையோடு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைச்சலே இல்லை. எங்கள் பெரிய டாக்டர் தாடை மூட்டுக் கோளாறுகளை நாலாகப் பிரித்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். தசைப்பிடிப்பு ஒன்று. மூட்டுக்குள் இருக்கும் வட்டு நழுவி ‘டக்’ என்று சத்தம் போடுவது இரண்டு. தாடை கழன்று, திறந்த வாய் மூடாமல் நிற்பது மூன்று. எலும்போடு எலும்பு ஒட்டிப்போய் வாயே திறக்காதது நாலு. கத்தி நாலுக்கு மட்டும்தான். மூன்று விரல் வாய்க்குள் நுழைந்தால் நல்ல தாடை.

நாலாவது வகை ஒன்றாவது என் கையில் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தேன். கிடைத்தாள். கொட்டாம்பட்டிப் பக்கம், கல்யாணமாகி மூன்று மாதம், காதோரம் வலி. கூட வந்த மாமனாரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல்கூட முழுசாகப் போகவில்லை. எக்ஸ்ரே ஒரே புகைமூட்டம். துள்ளிக் குதிக்காத குறையாக ‘நாலு’ என்று எழுதினேன். பெரிய டாக்டரும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார்.

ஞாயிறு சாயங்காலம் வார்டுக்குப் போனேன். மாமனார் ஊருக்குப் போயிருந்தார். அவள் பக்கத்துக் கட்டில்காரியோடு கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு, ஒரு முழு வாழைக்காய் பஜ்ஜியை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு அளந்தேன். ‘டக்’ என்றது. மூன்று விரலும் உள்ளே.

அன்றைக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“மாமனார் முன்னாடி வாயத் தெறக்கக் கூடாதுன்னு எங்காத்தா சொல்லி அனுப்புச்சு, டாக்டரம்மா.”

ஆபரேஷன் என்றபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போதும் அவர் பக்கத்தில்தானே நின்றார் என்றாள்.

தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் பெரிய டாக்டர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். முதலில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். பிறகு, தானும்தானே பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்து சிரிக்க ஆரம்பித்தார். நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.

மறுநாள் வந்த மாமனார், ஆபரேஷன் முடிந்ததா என்று எங்களைக் கேட்டார்.

“ஆப்பரேசனெல்லாம் வேணாமாம் மாமா. ஒத்தடம் போதுமாம்,” என்றாள் அவள்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாமனார் மூடவேயில்லை. மூன்றாவது வகையோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.