சூடு ஆறாத இறைச்சி

மகளின் கலியாணத்துக்கு முந்திய நாள் அடித்த காற்றில் தில்லையடி முழுக்கக் கரண்ட் போனது. விருந்து இறைச்சி எல்லாம் என் டீப் பிரீசரில் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்க நான் வாங்கிய பெட்டி அது. என் கணவர் மவுத்தான பிறகு எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்.

அவருடைய மூத்த சகோதரர், என் மச்சான், மகளுக்குத் தகப்பன் இடத்தில் நிற்கும் வலீ. அவர் சம்மதம் சொன்னால்தான் நிக்காஹ். வாப்பா இல்லாத பிள்ளைக்குத் தன் வளவில் விருந்து வைக்க வேண்டும் என்று முதலிலிருந்தே ஒற்றைக்காலில் நின்றார். என் பிள்ளையின் சோறு என் வாசலில்தான் என்று நானும் விடவில்லை.

கரண்ட் போன கையோடு வந்தார். ஆள் ஒருவர் பின்னால் பெரிய பையைத் தூக்கி வந்தார். அப்போதுதான் அறுத்த மாட்டிறைச்சி, பைக்குள் வேர்த்திருந்தது.

"மச்சி, உங்கட இறைச்சி பழுதாகிரும். இதையும் உள்ள வைங்க, நாளைக்கு உதவும்."

எங்கள் பக்கத்தில் இப்படித்தான். அறுத்த சூட்டோடு கொண்டுவந்து, பிரீசர் வைத்திருக்கிறவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

"வேணாம் மச்சான். இது இன்னும் சூடு. எல்லாத்தையும் உருக்கிப் போடும்."

"அப்ப பெட்டியத் துறந்து, பழுதாகல்லயா எண்டு பாத்தாவது சொல்லுங்க."

"துறக்கவும் மாட்டேன். சூடு உள்ள போயிரும்."

அவர் முகம் சுருங்கியது. "என்ட இறைச்சிய வேணாம் எண்டா, நாளைக்கு நானும் வேணாமா?"

நான் பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மறை வெப்பம் என்று படித்ததை ஐஸ் பக்கட் விற்றுத்தான் விளங்கிக்கொண்டேன். ஐஸ் உருகி முடியும்வரை எவ்வளவு சூட்டை உள்ளே இழுத்தாலும் அதன் குளிர் ஏறாது, இறங்காது. அதே அளவு சூடு குளிர்ந்த தண்ணீரில் ஏறினால் கைவைக்க முடியாத வெந்நீராகிவிடும். இதை நம்பித்தான் இறைச்சியை ஆறவைத்து, சிறு பொட்டலமாகக் கட்டி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களுக்கு இடையில் அடுக்கியிருந்தேன். அந்த ஐஸ் சும்மா கிடக்கவில்லை, எனக்காகச் சூடு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பலத்தை அவருடைய இறைச்சிக்குத் ஏன் தின்னக் கொடுக்க வேண்டும்?

"நீங்க இல்லாம நிக்காஹ் இல்ல, மச்சான். ஆனா இந்தப் பெட்டிய நான்தான் துறப்பேன். உங்கட இறைச்சிய இப்பவே ஆக்கி, பக்கத்து வீடுகளுக்குக் குடுங்க."

பையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, கரண்டும் வரவில்லை.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சமையல்காரர் வந்ததும் பூட்டைத் திறந்தேன். மேலே கிடந்த போத்தல்களில் தண்ணீர் ஆடியது, நடுவில் ஐஸ் கட்டி மிதந்தது. அடியில் இறைச்சி இன்னும் கல்லுப் போல இருந்தது.

"இத இளக்கவே பகல் லுஹராகும் போல," என்று சமையல்காரர் முணுமுணுத்தார். அவர் சலித்துக்கொண்டது எனக்கு இனித்தது.

மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு நேரத்துக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நிக்காஹ் முடிந்து, கூடிச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மச்சானிடம், "இறைச்சி நல்ல பதம். உங்கட ஏற்பாடா?" என்று கேட்டது திரைக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

மச்சான் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"இல்ல. புள்ளேட உம்மாட ஏற்பாடு."

அந்தச் சஹனுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி அனுப்பச் சொன்னேன்.