கடைசி நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள்

அவள் பஸ் ஓட்டுகிறவள். ஆள் குள்ளம். இருக்கையில் ஒரு திண்டு போட்டு, அதன் மேல் இன்னொரு திண்டு போட்டுத்தான் உட்காருவாள். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிற மாதிரி இருக்கும் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, மற்றவர்கள் ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிற சந்தில் பஸ்ஸை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டு இறங்குவாள்.

அவள் வேலை பார்த்த சின்ன ஊரில் பஸ் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பெருநகரத்தில் இடம் கிடைத்தது. கணவர் தையல்காரர், தையல் மிஷினை எங்கே வைத்தாலும் அதுதான் அவருக்குக் கடை. மகளுக்கு ஏழு வயது. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் வீட்டில் அவள் பெயர் சுண்டு. நல்ல இடமாகப் பார்த்து வீடு பிடித்த பிறகு இருவரையும் கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் முதலில் வந்து டிப்போவுக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் தங்கினாள்.

நல்ல இடம் எது என்பதில்தான் சிக்கல். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார் என்றார், ஒருவர் தண்ணீரைப் பார் என்றார். வீட்டுத் தரகர் எந்தப் பகுதியைக் காட்டினாலும் "குடும்பத்தோட இருக்கறதுக்குன்னே கட்டின இடம்மா" என்றார். அவளுடைய கவலை வேறு. விடியுமுன் வண்டி எடுக்கப் போகிறவள் அவள். கணவர் மிஷினில் குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டார். பிள்ளை தெருவில் இறங்கினால் நாலு பேர் கண்ணில் பட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவளுக்குக் கொடுத்த தடம் நகரத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு, பாலம் தாண்டி, வடக்கு ஓரத்துப் புறநகர் ஒன்றில் முடிந்தது. கடைசி நிறுத்தத்தில் ஒரு வேப்பமரம், ஒரு மருந்துக்கடை, இரண்டு பக்கமும் மாடி வீடுகள், சின்னப் பூங்கா. பிற்பகல் வண்டி போய் நிற்கும்போது அங்கே எப்போதும் ஒரு சிறு கூட்டம் நின்றது. மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து நிற்பார். ரிட்டையரான கணக்கு டீச்சர் ஒருவர் குடையோடு நிற்பார். இன்னும் சிலர். பின்படியில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கினால் ஒவ்வொரு பிள்ளையையும் முகத்தைப் பார்த்து, தலையைத் தொட்டு, வீட்டு வாசல் வரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் கலைவார்கள். கண்ணாடியில் இதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறத்தியார் பிள்ளையை இப்படிப் பார்த்துக்கொள்கிற தெரு எங்கே கிடைக்கும்? தரகரைத் தேடிப் போய், வேறு எதுவும் காட்ட வேண்டாம், அங்கேயே ஒரு வீடு பாருங்கள் என்றாள்.

தரகர் கொஞ்சம் யோசித்தார். அந்தப் பக்கம் வீடு காலியாவதே அபூர்வம் என்றார். பிறகு ஒரு வாரத்திலேயே கிடைத்துவிட்டது.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில்கூட அந்தக் கூட்டம் நின்றதை அவள் பார்த்தாள். அன்று வண்டியிலிருந்து யாருமே இறங்கவில்லை. கதவு திறந்தது, மூடியது. அவர்கள் அசையாமல் பின்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

கணவரும் சுண்டுவும் வந்தது மழைக்கால ஆரம்பத்தில். சாமான்களைக் கணவர் வேனில் கொண்டுவந்தார். சுண்டு, அம்மா ஓட்டும் வண்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் அம்மா முன்கதவைத் திறந்துவிட்டும், மற்றவர்களைப் போலப் பின்படி வழியாக இறங்கினாள். புதுச் சட்டை, நனைந்த முடி, முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்த பெரிய பற்கள்.

கண்ணாடியில் அம்மா பார்த்தாள். கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. டீச்சரின் கையிலிருந்த குடை சாய்ந்து மழை அவர் முகத்தில் விழுந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்காரர் மெதுவாக முன்னால் வந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது சுண்டு சிரித்தாள். "'வந்துட்டியா'ன்னு கேட்டாரும்மா. ஆமான்னேன்."

முதல் சில வாரங்கள் சொர்க்கம். அவள் அதிகாலையில் கிளம்பினால் பிள்ளையைக் கிளப்பிவிட டீச்சர் வந்துவிடுவார். சாயங்காலம் பிள்ளை பூங்காவில் இருந்தால் நான்கு ஜன்னல் திறந்திருக்கும். இருமினால் மருந்து வரும். இந்த ஊரில் இப்படியும் மனிதர்களா என்று அவள் டிப்போவில் பெருமையடித்துக்கொண்டாள். சுண்டுவை அவர்கள் முயல் என்று கூப்பிட்டார்கள். பல்லைப் பார்த்து வைத்த செல்லப் பெயர் என்று அவளும் விட்டுவிட்டாள்.

துணிமணிகளும் வந்தன. கவுன், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஒரு ஜோடி ஷூ. எல்லாம் சுண்டுவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கவுன் ஒன்று கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே என்று கணவர் ஓரத் தையலைப் பிரித்தார். பிரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. வெளியில வெளுத்துப்போயிருக்கு. மடிப்புக்குள்ள இருக்கற துணி மட்டும் புதுசு மாதிரி சிவப்பா இருக்கு. வருஷக்கணக்கா வெயில்ல காஞ்ச துணி இது. யாரோ ஒரு பிள்ள போட்டுட்டிருந்தது."

"பழசக் கொடுத்திருக்காங்க. அதுக்கென்ன?"

"கொடுத்ததுல தப்பில்ல. நாலு வீட்டுல இருந்து வந்த துணி. எல்லாம் ஒரே அளவு. ஒரே பிள்ளையோடது."

யாருடைய துணி என்று டீச்சரிடம் கேட்டுவிட நினைத்தாள். ஆனால் மறுநாளும் விடியுமுன் வண்டி எடுக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டீச்சர் வேண்டும். கேட்காமல் விட்டாள். அப்படி விட்டது அவளுக்குத் தெரிந்தே விட்டதுதான்.

அந்தத் தெருவில் அவர்களோடு பேசாதது ஒரே ஓர் ஆள். எதிர்வீட்டுப் பெண். நாற்பதைத் தாண்டிய வயது, தனியாள், ஏதோ அலுவலகத்தில் வேலை. போகும்போதும் வரும்போதும் சுண்டு இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டாள். சுண்டு கையசைத்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். இவ்வளவு நல்ல தெருவில் இப்படி ஒரு சிடுமூஞ்சி என்று ஓட்டுநர் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வீட்டுக்குள்ளிருந்து சுண்டுவைக் கூப்பிட்டாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். காது கேட்காதவள் மாதிரி இருந்தாள். தெருக்கோடியில் யாரோ, உரக்கக்கூட இல்லை, "முயலு" என்றார்கள். பிள்ளை சட்டென்று தலையைத் தூக்கினாள்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படாமல் கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்களெல்லாம் உன்னிடம் என்ன பேசுவார்கள் என்று விசாரித்தாள். பிள்ளை கிரேயானை வைக்காமலே சொன்னாள். வேப்பமரத்தில் எந்தக் கிளையில் தொங்குவேன், எந்த நாய்க்குப் பயப்படுவேன், எந்த வீட்டில் எனக்கு என்ன பிடிக்கும், எல்லாம் சொல்லிக்கொடுப்பார்களாம். சிலது மறந்துபோனால் அவர்கள் வருத்தப்படுவார்களாம். அதனால் இப்போது மறப்பதில்லையாம்.

"அப்புறம் ஒண்ணு கேப்பாங்க. அதுக்குத்தாம்மா எனக்கு பதில் தெரியல."

"என்ன?"

"அன்னைக்கு மழையில பஸ்ஸ விட்டு இறங்கி நான் எங்க போனேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தூங்கிட்டேன்னு சொன்னேன். டீச்சர் அழுதாங்க. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. நிம்மதியாச்சுன்னு சொன்னாங்க."

அவள் எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்து, இவளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். கூடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சுவரில் ஒரு படம் இல்லை, மூலையில் ஒரு பொம்மை இல்லை. ஒரு குழந்தை அங்கே வளர்ந்ததற்குக் கதவு நிலையில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள் மட்டும் மிச்சம். அவை ஒரு மட்டத்துக்கு மேல் போகவில்லை.

"துணியெல்லாம் நான் கொடுக்கல," என்றாள் அந்தப் பெண். "எனக்குப் பாக்க முடியாம இருந்தப்ப அவங்களே வந்து எடுத்துட்டுப் போனாங்க. ஆளுக்குக் கொஞ்சம் வச்சுக்கிட்டாங்க."

பிறகு அவளே சொன்னாள். தெருவே முயல் என்று கூப்பிட்ட அவள் மகள் ஒருநாள் பள்ளிவிட்டு அந்த பஸ்ஸில் வந்து, அந்தக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள். நல்ல மழை. டீச்சர் பார்த்திருக்கிறார், வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார். மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், டீச்சர் கூட்டிப்போவார் என்று நினைத்தார். ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. பிள்ளை வந்து சேரவில்லை. வாய்க்கால், ஏரி, புதர், பக்கத்து ஊர் எல்லாம் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

"இருந்தா இப்ப காலேஜ் போற வயசு. நான் அவள வருஷா வருஷம் மனசுக்குள்ள வளத்துக்கிட்டுதான் இருக்கேன். இவங்க வளக்கவே இல்ல. ஏழு வயசுலயே நிறுத்தி வச்சுட்டு பஸ்ஸப் பாத்துட்டு நிக்கறாங்க. உங்க பொண்ணு இறங்கின அன்னைக்கு டீச்சர் இங்க வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, 'இனிமே அழாத, வந்துட்டா'ங்கறாங்க."

அவர்களுக்குப் பைத்தியமா என்று ஓட்டுநர் கேட்டாள்.

"பைத்தியமெல்லாம் இல்ல. ரொம்ப நல்லவங்க. கெட்டவங்களா இருந்தா எப்பவோ மறந்திருப்பாங்க." அந்தப் பெண் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "போயிடுங்க அக்கா. உங்க பொண்ணுக்கும் முயலா இருக்கறது ரொம்பப் பிடிச்சுப்போறதுக்குள்ள போயிடுங்க."

அன்றே முடிவாகிவிட்டது. கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. பிரித்த கவுனை மறுபடி தைத்து, மடித்து, எல்லாத் துணியோடும் ஒரு பையில் போட்டு வைத்தார். இந்த முறை அவள் பள்ளிக்கூடத்தையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், பட்டறைகளும் கடைகளும் இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தெருவில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத ஒரு கட்டடத்தில், மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. பள்ளிவிட்டதும் டிப்போ அறைக்கே வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டியது என்று பிள்ளைக்கும் ஏற்பாடாயிற்று.

வேனில் சாமான் ஏறும்போது தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. யாரும் தடுக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. டீச்சர் மட்டும் கிட்டே வந்து, மிக மரியாதையாக, "மறுபடியும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

"இவ என் பொண்ணு டீச்சர். பேரு சுண்டு."

டீச்சர் அதைக் கேட்டு, புரிகிறது என்பதுபோல் தலையாட்டினார். பிறகு சுண்டுவின் பக்கம் குனிந்து, மெதுவாக, இந்தத் தடவை எங்கே போகிறாய் என்றாவது சொல்லிவிட்டுப் போ என்று கேட்டுக்கொண்டார். சுண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைத் தூக்கி வேனில் வைத்துக் கதவைச் சாத்தினாள். வேன் திரும்புகிற வரை அவர்கள் கை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

புது வீட்டில் பிள்ளை கொஞ்ச நாள் சரியாகப் பேசவில்லை. யாரும் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார்களே என்று ஒருநாள் குறைப்பட்டாள். அப்புறம் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டு ஓடிவந்தாள். அதைக் கேட்டபோதுதான் ஓட்டுநருக்கு மூச்சு வந்தது.

தடத்தை மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை, பொறு என்றார்கள். அதனால் தினமும் அவள்தான் அந்த வண்டியை வடக்கே கொண்டுபோகிறாள். பிற்பகலில் கடைசி நிறுத்தத்தில் நிறுத்தினால் அவர்கள் நிற்கிறார்கள். அவளைப் பார்த்து விசாரிப்பதில்லை. வண்டி நிற்கும்போது ஓட்டுநர் பக்கம் அவர்கள் எப்போதுமே திரும்பியதில்லை. பார்வையெல்லாம் பின்படியில்தான். அவளும் இப்போது கதவை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் திறந்து வைக்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இறங்க யாரும் இல்லை என்று தெரிந்த நாளிலும், கண்ணாடியில் ஒரு முறை வண்டியின் உள்ளே, கடைசி இருக்கை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறாள்.

போன வாரம் மழை பெய்த ஒரு பிற்பகலில் அப்படிக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது, முன்படியில் யாரோ ஏறினார்கள். எதிர்வீட்டுப் பெண். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கே என்று இவள் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள்: டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் மற்றவர்களும் நனைந்தபடி, திறந்திருந்த பின்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஏறிய அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

"எடுங்க அக்கா," என்றாள் அந்தப் பெண்.

அவள் இரண்டு கதவுகளையும் மூடிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.