ஏழு நேயர்கள் வழிவிட்ட மாலை

எங்கள் ஊர் வானொலி இதுவரை நான்கு வேஷம் போட்டிருக்கிறது. மூலக்குளத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கும் சின்ன நிலையம். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வாரம் ஒரு மாலை அரை மணி நேரம் நேயர்களோடு தொலைபேசியில் பேசும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

முதல் மேலாளர் காலத்தில் பயிர், கடல் நிலவரம், பிரெஞ்சுப் பாடம் என்று நிலையமே பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. இரண்டாமவர் பழைய பாட்டு மட்டும் போதும் என்றார். அதிலும் சோகப் பாட்டு. பாத்திரக் கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று மாடியேறி வந்து சண்டை போட்டார். மூன்றாமவர் காலையில் பக்தி, பகலில் சமையல், இரவில் காதல் ஆலோசனை என்று பிரித்தார். ஒரு நாள் யாரோ பொத்தானை மாற்றி அழுத்திவிட, விடியற்காலையில் பக்திப் பாட்டுக்குப் பதிலாகக் காதல் ஆலோசனை ஓடியது. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.

நான்காவது மேலாளர் சென்னையிலிருந்து வந்த பிள்ளையாண்டான். இனி எல்லாம் இளமை என்றான். நிலையத்தின் அடையாள இசையில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுக் கைதட்டலைச் சேர்த்தான். எண்ணிப் பார்த்தேன், பதினோரு தட்டு. அறிவிப்பாளர்கள் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை சிரிக்க வேண்டும் என்பது புது விதி. என்னை அங்கிள் என்று அழைத்து உட்காரவைத்து, என் அரை மணிக்கு இளைஞர் நிகழ்ச்சி ஒன்று தயாராக இருப்பதாகச் சொன்னான். அடுத்த வாரம் ஐந்து அழைப்பாவது வந்தால் என்னையே வைத்துக்கொள்வானாம்.

ஐந்து என்ன, ஏழு நிச்சயம். வாராவாரம் பேசும் அந்த ஏழு பேர்தான் என் பேச்சை மறுக்காமல் கேட்பவர்கள். வீட்டில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். அதனால் அந்த அரை மணி எனக்கு முக்கியம். அன்று மாலையே நேயர்களிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லி, அடுத்த வாரம் அவசியம் கூப்பிடச் சொன்னேன்.

அடுத்த வாரம் தொலைபேசி மூச்சு விடவில்லை. நிலையத்தின் எண்ணைச் சொன்னேன். பிறகு நிதானமாகச் சொன்னேன். கடைசியில் பிச்சை கேட்பவன் மாதிரிச் சொன்னேன். இடையில் ஆறு பாட்டுப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே டீக்கடையில் என் ஏழு பேரில் ஒருவர், பழைய மில் தொழிலாளி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"வாரா வாரம் பேசுறவனே லைன்ல குந்திக்கினா, புதுசா கூப்புடுறவங்களுக்கு எப்படி சார் கெடைக்கும்? இன்னிக்கு ஒரு நாளு வழி வுடுவோம்னு இருந்துட்டேன்."

"யாருமே வரலையே."

"அதான் நானும் கேட்டுக்கினே இருந்தேன். இன்னா ஜனங்க சார் இது?"

மற்றவர்களையும் விசாரித்தேன். குருசுக்குப்பத்துப் படகுக்காரர் தன் மனைவியைக்கூடப் போனைத் தொடவிடவில்லையாம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் மதாம் இரண்டு முறை எண்ணை அழுத்தப் போய், கையை இழுத்துக்கொண்டாராம். "மத்தவங்களுக்கு எடம் குடுக்கணும் இல்லியா முசே," என்றார். மற்றவர்களுக்கு நான் சார், அவருக்குப் பிரெஞ்சு வழக்கப்படி முசே. ஏழு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். கொஞ்சம் மரியாதை கெட்டவர்களாகப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும்.

மேலாளரிடம் போய் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"உங்களப் புடிச்சதாலதான் கூப்பிடலைங்கிறீங்க, அங்கிள்?"

சிரிக்காமல்தான் கேட்டான். என் அரை மணி கையை விட்டுப் போய்விட்டது.

அடுத்த வாரம் வீட்டில் வானொலியைத் திறந்தேன். என் நாற்காலியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். உடனே நிலையத்தில் தொலைபேசி மணி அடித்தது. மதாம்தான். வழக்கமாகப் பேசும் முசே எங்கே என்று கேட்டார். எண்பது வயது மதாமிடம் அந்தப் பெண், "உங்க ஆளுக்கு என்ன பாட்டு போடலாம் டார்லிங்?" என்றாள். அடுத்து படகுக்காரர், அடுத்து மில்காரர். இப்போது யாருக்கும் வழிவிட வேண்டிய அவசியம் இல்லை. ஏழு பேரும் கூப்பிட்டு என்னைக் கேட்டார்கள். அவள் ஏழு பேருக்கும் பாட்டுப் போட்டாள்.

மறுநாள் மேலாளர் சந்தோஷமாகப் போன் செய்தான். முதல் நாளே ஏழு அழைப்பாம். ஊரே இளமைக்காகத்தான் காத்திருந்ததாம். கூப்பிட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பற்றி அவனுக்கு அக்கறையில்லை. ஏழு இல்லை, ஒன்பது, மதாம் மட்டும் மூன்று தடவை கூப்பிட்டார் என்று திருத்தினேன். தேங்க்ஸ் அங்கிள் என்று ஒன்பதாகப் போட்டுக்கொண்டான்.